சாகாவரம் தந்த கேசட்: சீட் கோட் கருவிகளின் கதை

"மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ." இதைப் படித்ததும் கட்டைவிரல் தானாக அசைந்தால் நீங்கள் நம்ம கட்சி. கான்ட்ராவில் 3 லைஃபை 30 லைஃபாக மாற்றும் மந்திரம் இது. ஏ.பி.சி.டி. தெரியாத பொடிசுகளுக்குக் கூட இது மட்டும் தெரிந்திருந்த காலம் ஒன்று இருந்ததாம். என் மாமா அடிக்கடி சொல்வார்.

ஆனால் இந்தப் பதிவு அந்த மந்திரத்தைப் பற்றியது இல்லை. அது ஆட்டத்தைச் செய்தவர்களே உள்ளே ஒளித்து வைத்த கதவு. ஆட்டத்தைச் செய்தவர் கதவே வைக்காத இடத்தில், வெளியிலிருந்து ஒருவர் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே போனால் எப்படி இருக்கும்? அப்படி ஓட்டை போடுவதற்கென்றே கருவிகள் செய்து, கடையில் விற்று, "இது திருட்டு" என்று வழக்குப் போட்டவர்களைக் கோர்ட்டில் ஜெயித்தும் காட்டினார்கள். கேம் ஜீனி, ஆக்‌ஷன் ரீப்ளே, கேம் ஷார்க் என்று அவற்றுக்குப் பெயர்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. கடைசியில் இது "காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. பிசினஸ் லா பேப்பர் எழுதியவர்களுக்கு இதைவிட சுவாரசியமான கேஸ் கிடைக்காது.

முதலில் நம்ம ஊர் நிலவரம்

ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை 1983 ஜூலையில் வெளியிட்டது. அதையே உருவம் மாற்றி, என்.இ.எஸ். என்று பெயர் வைத்து 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். நம் நாட்டுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இதைப் பார்த்துச் செய்த குளோன்கள். மீடியா நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர், விஸ் கிட், இன்னொரு பக்கம் சாமுராய், அப்புறம் பெயரே இல்லாமல் பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைத்த எத்தனையோ பெட்டிகள். நம் மக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தார்கள்: டிவி கேம். உள்ளே செருகுவது கேசட். (வெள்ளைக்காரன் அதைக் கார்ட்ரிட்ஜ் என்பான். கேசட் என்றால் இளையராஜா பாட்டு கேட்கிற கேசட் வேறு, இது வேறு.)

அசல் பெட்டி ஏன் வரவில்லை? வரி. 1995-ல் சேகாவின் மெகா டிரைவை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்க வந்தது. வீடியோ கேம் இறக்குமதிக்கு அப்போது 80 சதவீதம் தீர்வை. பெட்டி விலை 18,000 ரூபாய். 1995-ல் 18,000 ரூபாய்! அதற்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். தீர்வை அதிகமானால் கள்ளச்சந்தை வளரும் என்று எக்கனாமிக்ஸில் படிக்கிறோமே, அதற்கு டிவி கேமைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

எங்கள் பாண்டியில் இன்னொரு விசேஷம் உண்டு. பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். லீவுக்கு வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருவார்கள். ஆனால் அங்கே அந்தக் காலத்து டிவி சீகேம் முறை, இங்கே பால் முறை. (குடிக்கிற பால் இல்லைங்க.) அதனால் அங்கிருந்து வந்ததை அப்படியே நம்ம டிவியில் மாட்டி ஆட முடியாது. சேதராப்பட்டில் பிப்டிக் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போகிற என் மாமாவைப் போன்றவர்களுக்குக் குளோன்தான் கதி. அதையும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசித்தான் வாங்கினாராம்.

லைஃப் என்றால் காசு

ஒரு ஆட்டத்தில் ஏன் 3 லைஃப்? ஏன் 300 இல்லை? கேமிஃபிகேஷன், சைக்காலஜி என்று பெரிய பெரிய விளக்கமெல்லாம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த விளக்கம் கணக்குப் பிள்ளை விளக்கம்.

வீடியோ கேம் முதலில் வளர்ந்தது ஆர்கேட் கடைகளில். காசு போட்டால் 3 லைஃப். செத்தால் இன்னொரு காசு. அதாவது ஒவ்வொரு சாவும் கடைக்காரருக்கு வருமானம். சீக்கிரம் சாகடிக்கும் ஆட்டம் நல்ல ஆட்டம். (ரொம்ப சீக்கிரம் சாகடித்தால் ஆள் ஓடிவிடுவான். அந்த நடுவாந்திரத்தைப் பிடிப்பதுதான் வித்தை.)

அந்த ஆட்டங்கள் வீட்டுக்கு வந்தபோது கதை மாறியது. கேசட்டுக்கு மொத்தப் பணமும் முன்பே கொடுத்தாச்சு. நாம் 3 தடவை செத்தாலும் 3,000 தடவை செத்தாலும் கம்பெனிக்கு ஒரு பைசா கூடுதலாக வரப்போவதில்லை. ஆனாலும் 3 லைஃப் மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. கேசட் சின்னது என்பதும் ஒரு காரணம். முதல் சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட்தான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படத்துக்குக் கூட அது போதாது. அவ்வளவு சின்ன ஆட்டத்தை மாதக்கணக்கில் ஆட வைக்க வேண்டுமானால் கஷ்டமாக்கித்தான் ஆகணும்.

கஷ்டம் செய்தவர்களையே கடித்தது. 1986-ல் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் ஆட்டம் அவருக்கே முடியாத அளவுக்குக் கஷ்டம். அதனால் தன் வசதிக்காக ஒரு பட்டன் வரிசையை உள்ளே வைத்தார். அது அப்படியே கேசட்டில் வெளியே வந்துவிட்டது. நாம் முதல் வரியில் பார்த்த மந்திரம் அதுதான், கான்ட்ராவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். உலகத்திலேயே அதிகம் பேருக்கு மனப்பாடமான பட்டன் வரிசையை எழுதிய மனுஷன்.

ஆனால் கோனாமி வைத்தது கோனாமி ஆட்டத்துக்கு மட்டும்தானே? மரியோவில் யாரும் அப்படி வைக்கவில்லையே? இங்கேதான் நம்ம கருவி வருகிறது.

நடுவில் உட்கார்ந்த ஜீனி

இங்கிலாந்தில் கோட்மாஸ்டர்ஸ் என்று ஒரு கம்பெனி. ரிச்சர்ட், டேவிட் டார்லிங் என்ற அண்ணன் தம்பிகள் 1986-ல் ஆரம்பித்தது. நின்டெண்டோவிடம் லைசென்ஸ் வாங்காமலேயே அந்தப் பெட்டிக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தவர்களுக்கு உதித்த ஐடியாதான் கேம் ஜீனி. கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு துண்டு. இந்தப் பக்கம் கேசட்டைச் செருகி, அந்தப் பக்கத்தைப் பெட்டியில் செருக வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது? முதலில் கேசட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

என்.இ.எஸ். பெட்டிக்குள் இருக்கிற பிராசஸர் ஒரு பொறுமைசாலி குமாஸ்தா மாதிரி. அவருக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் "இத்தனாம் நம்பர் அறையில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார். பதில் 0-விலிருந்து 255-க்குள் ஒரு எண்ணாக வரும். அதைப் படித்து, அது என்ன சொல்கிறதோ அதைச் செய்வார். பிறகு அடுத்த அறை. இப்படி நொடிக்கு லட்சக்கணக்கான தடவை.

அறைகள் மொத்தம் 65,536. அதில் முதல் 2,048 அறைகள் பெட்டியின் சொந்த நினைவகம். அது சிலேட்டுப் பலகை, எழுதி அழிக்கலாம். உங்கள் லைஃப் எத்தனை, ஸ்கோர் எத்தனை என்பதெல்லாம் இங்கே. 32,768 முதல் 65,535 வரை கேசட்டுக்குள் இருக்கிறது. அது அச்சடித்த புத்தகம், படிக்க மட்டும்தான் முடியும். ஆட்டத்தின் சட்டதிட்டம் எல்லாம் இந்தப் புத்தகத்தில். (மிச்ச அறைகள் படம், சத்தம், ஜாய்ஸ்டிக் வேலைக்கு. அதை விட்டுவிடுவோம்.)

இப்போது ஜீனி குமாஸ்தாவுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் கேள்விகளையும் ஒட்டுக் கேட்கிறது. பெரும்பாலானவற்றை "போ போ" என்று விட்டுவிடும். ஆனால் நாம் சொல்லி வைத்த ஒரே ஒரு அறை நம்பரை குமாஸ்தா கேட்கும்போது மட்டும், கேசட்டின் வாயைப் பொத்திவிட்டு, தன் பதிலைச் சொல்லும். குமாஸ்தாவுக்கு வித்தியாசம் தெரியாது. கேசட்டிலும் ஒரு புள்ளி கூட மாறவில்லை. ஜீனியைக் கழற்றிவிட்டால் எல்லாம் பழையபடி.

இவ்வளவுதான் ரகசியம். ஒரு அறை, ஒரு பொய்.

ஒரு உண்மையான கோடைப் பிரித்துப் பார்ப்போம்

சூப்பர் மரியோவில் லைஃப் குறையாமல் இருக்க ஒரு பிரபலமான கேம் ஜீனி கோட் உண்டு: எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ. ஆறு எழுத்து. இதை நானே பேப்பரில் பிரித்துப் பார்த்தேன். அக்கவுண்டன்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில். :-)

கேம் ஜீனிக்கு 16 எழுத்துதான் தெரியும். ஏ, பி, இசட், எல், ஜி, ஐ, டி, ஒய், ஈ, ஓ, எக்ஸ், யு, கே, எஸ், வி, என். இதே வரிசையில் 0 முதல் 15 வரை மதிப்பு. ஆக நம்ம கோட் 13, 10, 5, 9, 1, 9. ஒவ்வொரு எழுத்தும் 4 பிட். ஆறு எழுத்துக்கு 24 பிட். அதில் 15 பிட் அறை நம்பர், 8 பிட் சொல்ல வேண்டிய பொய், மிச்சம் 1 பிட் "இது ஆறெழுத்துக் கோடா, எட்டெழுத்துக் கோடா" என்று சொல்வதற்கு. 15 பிட் ஏன்? கேசட் பகுதியில் இருப்பது 32,768 அறைகள். அதை எண்ண 15 பிட் சரியாகப் போதும்.

பிட்களை நேராக அடுக்காமல் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டிருக்கிறார்கள். பார்த்தவுடனே யாரும் அர்த்தம் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. கலைத்ததை மறுபடி அடுக்கினால் வருவது இது: அறை நம்பர் 37,337. பொய் 173.

அந்த அறையில் அசலாக இருப்பது 206. அந்தப் பிராசஸரின் மொழியில் 206 என்றால் "பின்னால் வருகிற முகவரியில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கழி." அடுத்த இரண்டு அறைகளில் இருப்பது 90, 7. இதைச் சேர்த்துப் படித்தால் 7 பெருக்கல் 256 கூட்டல் 90, அதாவது 1,882. சிலேட்டுப் பலகையின் 1,882-ஆம் அறை. அங்கேதான் மரியோவின் லைஃப் எழுதியிருக்கிறது.

ஆக அசல் கட்டளை: "மரியோ செத்துட்டான், லைஃபில் ஒன்றைக் கழி."

173 என்றால்? "அந்த முகவரியில் என்ன இருக்கு என்று படி." அவ்வளவுதான். கழிக்காதே, சும்மா பார்த்துவிட்டுப் போ!

குமாஸ்தா போகிறார், லைஃபைப் பார்க்கிறார், "ஓ, இன்னும் இருக்கா, சரி" என்று ஆட்டத்தைத் தொடர்கிறார். மரியோ எத்தனை தடவை குழியில் விழுந்தாலும் கணக்குப் புத்தகத்தில் டெபிட் ஆகவே இல்லை. லைஃப் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் மரியோவுக்கு உயிர் கொடுக்கவில்லை. எமதர்மராஜாவின் கணக்குப்பிள்ளை கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு அழகு. 206-க்கும் 173-க்கும் பின்னால் இரண்டு அறை முகவரி வர வேண்டும். நீளம் ஒன்றுதான். அதனால் அடுத்த கட்டளைகள் தடம் புரளவில்லை. நீளம் பொருந்தாத ஒன்றைப் போட்டிருந்தால் முகவரியைக் கட்டளை என்று நினைத்துப் படித்து ஆட்டம் அங்கேயே குழம்பியிருக்கும். பலரும் சும்மா இஷ்டத்துக்கு எழுத்துகளைப் போட்டு, படம் குழம்பித் திரை உறைந்து போனதைப் பார்த்தது இதனால்தான்.

எட்டெழுத்துக் கோட் எதற்கு? பெரிய ஆட்டங்கள் 32,768 அறைக்குள் அடங்காது. அதனால் கேசட் பக்கம் பக்கமாக மாற்றிக் காட்டும். ஒரே அறை நம்பரில் இப்போது ஒரு பக்கம், கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கம். தப்பான பக்கத்தில் பொய் சொன்னால் வம்பு. அதனால் கூடுதல் 8 பிட்டில் "அசல் பதில் இதுவாக இருந்தால் மட்டும் மாற்று" என்று ஒரு நிபந்தனை. என்.இ.எஸ். கேம் ஜீனியில் ஒரே நேரத்தில் இப்படி மூன்று கோட் போடலாம்.

நம்ம ஊரில் இது ஏன் தெரியவில்லை?

பின் கணக்கு ஒரு காரணம். அமெரிக்க என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 பின். ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த குளோன்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 பின். கேம் ஜீனி கையில் கிடைத்திருந்தாலும் மாட்ட முடியாது.

ஆனால் சுவரில் ஓட்டை போடும் வேலை நமக்குத் தெரியாமலே நம் வீட்டுக்கு வந்திருந்தது. "64 இன் 1", "168 இன் 1", "9999999 இன் 1" என்று கேசட் வருமே, ஞாபகம் இருக்கிறதா? மெனுவில் பக்கம் பக்கமாகப் பெயர் ஓடும். திறந்து பார்த்தால் அதே ஐந்தாறு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப. எல்லாரும் ஏமாற்று வேலை என்று திட்டியிருப்பார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் சில கான்ட்ரா மூன்றாவது கட்டத்தில் தொடங்கும், சிலவற்றில் ஆரம்பத்திலேயே நல்ல துப்பாக்கி கையில் இருக்கும். ஆரம்ப மதிப்பை மட்டும் மாற்றி, அதை இன்னொரு ஆட்டம் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஜீனி வாயால் சொன்ன பொய்யை இவர்கள் கேசட்டிலேயே அச்சடித்துவிட்டார்கள். தத்துவம் ஒன்றுதான்.

புத்தகத்தை விட்டு சிலேட்டைப் பிடித்தவர்கள்

இரண்டாவது வழி இங்கிலாந்தின் டேட்டெல் நிறுவனத்தின் ஆக்‌ஷன் ரீப்ளே. 1980-களில் கமடோர் 64 கம்ப்யூட்டருக்குச் செய்ததில் ஆரம்பித்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் "போக்" என்று ஒரு கட்டளை உண்டு. இந்த அறையில் இந்த எண்ணை எழுது என்று அர்த்தம். அதை வைத்து லைஃபை மாற்றும் வித்தையைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பட்டியல் போட்டு அச்சடித்தன.

ஜீனி புத்தகத்தில் பொய் சொன்னது. இது சிலேட்டில் எழுதும். லைஃப் இருக்கிற அறையில் 9 என்று எழுதும். ஆட்டம் கழித்து 8 ஆக்கும். உடனே மறுபடி 9. டிவி திரை நொடிக்கு 50 அல்லது 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது அல்லவா, ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் ஓடிப்போய் எழுதிவிட்டு வரும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஊற்றிக்கொண்டே இருக்கணும், அந்த மாதிரி.

லைஃப் எந்த அறையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது நாம் என்ன செய்வோம்? வித்தியாசம் 450 ரூபாய் என்றால், 450 எங்கெல்லாம் வருகிறது என்று லெட்ஜர் லெட்ஜராகத் தேடி, ஒவ்வொன்றாகக் கழித்துக் கொண்டே வருவோம். அதேதான் இங்கேயும். லைஃப் 3 இருக்கும்போது "3 எங்கெல்லாம் இருக்கு?" என்று தேடு. நூற்றுக்கணக்கில் வரும். ஒரு தடவை செத்துப் பார். "அவற்றில் எதெல்லாம் இப்போ 2 ஆச்சு?" பத்து இருபது. இன்னொரு தடவை சாவு. "எது 1 ஆச்சு?" ஒன்றோ இரண்டோ. முடிந்தது கதை. சாவதன் மூலம் சாகாவரம் தேடுகிற ஒரே தவம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சில ஆட்டங்களில் திரையில் 3 என்று காட்டினாலும் உள்ளே 2 என்று இருக்கும், 0-விலிருந்து எண்ணுவதால். அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: எண்ணைச் சொல்லாமல் "முன்னைவிடக் குறைந்தது எது?" என்று மட்டும் தேடலாம்.

பிளேஸ்டேஷன் காலத்தில் இதே சரக்கு அமெரிக்காவில் கேம் ஷார்க் என்ற பெயரில் விற்றது. ஆரம்பகால பிளேஸ்டேஷனின் முதுகில் ஒரு பேரலல் போர்ட் இருந்தது, அதில் மாட்டிக்கொள்ளும். அங்கே நினைவகம் 2 மெகாபைட், அதாவது 20 லட்சத்துச் சொச்சம் அறைகள். எட்டு இலக்கத்தில் "என்ன வேலை, எந்த அறை", அடுத்த நாலு இலக்கத்தில் "என்ன எண்." பின்னால் வந்த மாடல்களில் சோனி அந்தப் போர்ட்டையே எடுத்துவிட்டது. இவர்கள் விடுவார்களா? சீட் புரோகிராமை ஒரு சிடியில் போட்டு விற்றார்கள். முதலில் அந்த சிடி, பிறகு கழற்றி ஆட்ட சிடி.

கோர்ட் படியேறிய ஜீனி

அமெரிக்காவில் கேம் ஜீனியை விற்க வந்தது லூயிஸ் கலூப் டாய்ஸ். மைக்ரோ மெஷின்ஸ் குட்டிக் கார்களை விற்ற அதே பொம்மைக் கம்பெனி. 1990-ல் வழக்கு ஆரம்பித்தது. நின்டெண்டோவின் வாதம்: எங்கள் ஆட்டத்தை மாற்றி இன்னொரு ஆட்டம் செய்கிறீர்கள். எங்கள் படைப்பிலிருந்து பிறக்கும் வழிப்படைப்புகளைச் செய்யும் உரிமை எங்களுக்கு மட்டும்தான். ஆட்டம் சுலபமானால் சீக்கிரம் சலித்துவிடும், எங்கள் வியாபாரம் கெடும்.

1990 ஜூலையில் விற்பனைக்கு இடைக்காலத் தடை வந்தது. பொம்மை வியாபாரத்தில் கிறிஸ்துமஸ் என்பது நமக்குத் தீபாவளி மாதிரி. அந்த கிறிஸ்துமஸ் கலூப்புக்குப் போச்சு. ஆனால் இங்கே ஒரு சட்ட நுணுக்கம் (பிசினஸ் லா மக்கள் குறித்துக்கொள்ளவும்): தடை கேட்கிறவர் பின்னால் தோற்றால் எதிராளியின் நஷ்டத்தை ஈடுகட்ட ஜாமீன் தொகை கட்ட வேண்டும். நின்டெண்டோ அதைக் கட்டியிருந்தது. கனடாவில் தடை கேட்டபோது கிடைக்கவே இல்லை.

1991 ஜூலையில் நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் தீர்ப்புச் சொன்னார். சுருக்கம் இது: நின்டெண்டோவுக்கு உரிய விலையை வாங்குபவர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தன் வீட்டில் தன் சந்தோஷத்துக்காக அதை எப்படி ஆடுகிறார் என்பது அவர் விருப்பம். புத்தகம் வாங்கியவர் நடுவில் பக்கங்களைத் தாண்டிப் படிப்பதைப் போலத்தான். 1992 மே மாதம் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஜீனி எந்த நகலும் எடுக்கவில்லை, நிலையான வடிவில் புதிதாக எதையும் உருவாக்கவில்லை, பவரை நிறுத்தினால் எல்லாம் மறைந்துவிடும், ஆகவே அது வழிப்படைப்பு இல்லை. கலூப்புக்குக் கிடைத்த நஷ்டஈடு 1.5 கோடி டாலர். நின்டெண்டோ அதையும் எதிர்த்தது. 1994-ல் அதிலும் தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், போட்டிக் கம்பெனியான சேகா தன் மெகா டிரைவுக்கு வந்த கேம் ஜீனியை அங்கீகரித்தே விற்கவிட்டது. அதனால் அவர்கள் வியாபாரம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

முப்பது வருஷம் கழித்து அதே பூதம்

கதை முடிந்தது என்று நினைத்தால் இல்லை. சோனியின் பி.எஸ்.பி.க்கு டேட்டெல் ஒரு ஆக்‌ஷன் ரீப்ளே செய்தது. மோட்டார் ஸ்டார்ம் ஆர்க்டிக் எட்ஜ் என்ற ரேஸ் ஆட்டத்தில் டர்போவைக் கட்டுப்பாடு இல்லாமல் அடிக்கலாம். சோனி ஜெர்மனியில் வழக்குப் போட்டது. ஹாம்பர்க் நீதிமன்றங்களில் மாறி மாறித் தீர்ப்பாகி, கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கே போனது. 2024 அக்டோபர் 17 அன்று பதில் வந்தது. புரோகிராமின் கோடை மாற்றாமல், ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றினால், அது புரோகிராமின் காப்புரிமையை மீறுவதாகாது.

கவனித்தீர்களா? 1992-ல் கேட்டது புத்தகத்தை மாற்றிச் சொல்லலாமா என்று. 2024-ல் கேட்டது சிலேட்டில் எழுதலாமா என்று. இரண்டு வழி, இரண்டு கண்டம், இரண்டிலும் ஜெயித்தது வாங்கியவன் பக்கம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 1999-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். பிரிவு 52-ல் சேர்த்த ஒரு விதிப்படி, சட்டப்படி வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமை வியாபார நோக்கமில்லாமல் சொந்த உபயோகத்துக்காக நகல் எடுப்பதோ மாற்றியமைப்பதோ மீறல் ஆகாது. "சட்டப்படி வாங்கிய" என்ற வார்த்தையைக் கவனிக்கவும். நம் "9999999 இன் 1" கேசட்காரர்கள் அந்த வார்த்தையிலேயே அவுட்.

அப்போ ஏமாற்றுவது சரியா?

ஆன்லைனில் நாலு பேரோடு ஆடும்போது சீட் போடுகிறவனை நான் ஆதரிக்கவில்லை. அங்கே எதிரில் இன்னொரு மனுஷன் இருக்கிறான், அவனுடைய நேரத்தைத் திருடுகிறாய். தனியாக வீட்டில் மரியோ ஆடும்போது எதிரில் யார்? ஆமையும் காளானும்தான். அவை கேஸ் போடப் போவதில்லை.

என் மாமாவுக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் முதல் கட்டத்தையே பத்து தடவை ஆடிவிட்டுத் தூங்கப் போவாராம். எட்டாவது உலகத்தையும் அங்கே இருக்கிற இளவரசியையும் அவர் கடைசி வரை பார்க்கவே இல்லை. அந்தக் கேசட்டுக்கு முழு விலை கொடுத்தவர் அவர். அதில் கடைசிப் பக்கத்தைப் பார்க்கும் உரிமை திறமைசாலிக்கு மட்டும்தான் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நேரம் இல்லாதவன், கை நடுங்குகிறவன், கண் சரியாகத் தெரியாதவன் எல்லாரும் காசு கொடுத்தவர்கள்தானே?

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய மொபைல் ஆட்டங்களில் லைஃப் தீர்ந்தால் "காத்திரு, இல்லையென்றால் காசு கட்டு" என்கிறார்கள். ஆர்கேட் பெட்டி பாக்கெட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு சாவும் மறுபடி வருமானம். ஆனால் இந்த முறை லைஃப் கணக்குப் பெரும்பாலும் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. புத்தகமும் அவர்களிடம், சிலேட்டும் அவர்களிடம். நடுவில் ஜீனியை உட்கார வைக்க நம் வீட்டில் இடமே இல்லை. கோர்ட்டில் ஜெயித்த உரிமையை இப்படி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 37,337-ஆம் அறை நம் கேசட்டில் இருந்தது. இன்றைக்கு அது யார் வீட்டு அறை?

டிஸ்கி 1: மாமாவுக்கு எமுலேட்டரில் அந்த ஆறெழுத்துக் கோடைப் போட்டுக் கொடுக்கலாம் என்று கேட்டேன். "வேணாம்டா, இருவது வருஷமா அந்தப் பொண்ணு காத்திருக்கா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்கிறார். மனுஷனைத் திருத்த முடியாது.

டிஸ்கி 2: 206-ஐ 173 ஆக்கும் வித்தை ட்ரையல் பேலன்ஸில் செல்லாது. முயற்சி செய்து மார்க் போனால் கம்பெனி பொறுப்பாகாது.